பின்னர் அறிவிக்கப்படும்

"எனக்கு ஒண்டும் வேணாம் புள்ள" என்று சொல்லிக்கொண்டே என் கடைக்குள் ஏறுகிற ஒரேயொரு மனிதர் ஓவசியர் ஐயாதான். அப்போது நான் குருக்கள்மடத்தில் கல்முனை வீதியோரமாக ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருந்தேன். போட்டோப் பிரதி, போனுக்கு ரீலோட், லெமினேட், யாராவது காலமானால் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், இவைதான் தொழில். ஒன்றும் வேண்டாமென்று ஏறிய ஐயா இறங்கும்போது கையில் ஒரு சார்ஜரோ, வயரோ, காதில் மாட்டுகிற ஏதாவதோ இருக்கும். என் கடையில் அதிகம் சாமான் வாங்கியவரே அவர்தான் என்றால் நம்பமாட்டீர்கள்.

வாய்க்காலும் மதகும் பார்க்கிற அரசாங்க ஓவசியராக இருந்து பென்ஷன் எடுத்தவர். ஒல்லி உடம்பு. வெள்ளைச் சேட்டின் கழுத்துப் பொத்தானையும் விடாமல் பூட்டியிருப்பார், சித்திரை வெயிலிலும். மனைவி காலமாகிவிட்டார். எங்கள் பக்க வழக்கப்படி வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வீட்டின் பின்னறையில் விருந்தாளி மாதிரி இருந்தார். அந்த அறைக்குள் கால் வைக்க இடம் கிடையாது. ரேடியோ, பெற்றரி, வெள்ளிக்காகிதம் சுற்றிய அன்ரனா, விசிறி, விசிறிக்குள் இன்னொரு விசிறி என்று ஒரே இரும்பும் பிளாஸ்ரிக்கும்தான்.

அவர் குணத்தை ஒரு வசனத்தில் சொல்லிவிடலாம். ஆசைப்பட்டு ஒரு பொருளையும் அவர் வாழ்நாளில் வாங்கியதில்லை. எல்லாமே யாரோ கட்டாயப்படுத்தி அவர் தலையில் கட்டியவை. ஊரில் முதல் டீவி அவர் வீட்டுக்குத்தான் வந்ததாம். மகளுக்குச் செய்தி கேட்க வேண்டுமென்று வாங்கியது என்பார். மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். சோறு ஆக்கும் மின்சாரச் சட்டி, மனைவி அழுததால் வாங்கியது. மனைவி அழுதது உண்மைதான், அது வெடித்துவிடும் என்ற பயத்தில். கூரையில் சோலார் தகடு போட்டது கரண்டுக்காரர் கெஞ்சிக் கேட்டதால். தொடுதிரை போனை டொக்டர் எழுதிக் கொடுத்தாராம். அந்த மருந்துத் துண்டை நான் கண்ணால் கண்டேன். பிரஷர் குளிசையும், தினமும் நடக்க வேண்டும் என்ற ஒரு வரியும்தான் அதில் இருந்தன.

"நடந்தாச் சரியா? எவ்வளவு நடந்த எண்டு ஆர் எண்ணுற? இதுதான் எண்ணும்" என்றார் ஐயா.

முதல் கிழமை முழுக்க அந்தப் போனை வாய்க்கு வந்தபடி திட்டினார். அடுத்த கிழமை எனக்கே தெரியாத வேலைகளை அதில் செய்து காட்டிவிட்டு, "உங்கட கடையில உள்ள கொம்பியூட்டர் பழசு புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. அவர் சொல்வதெல்லாம் சரியாகவே இருக்கும். அதுதான் அவரோடு உள்ள தொல்லையே.

எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறவர் ஒரேயொரு ஆளைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார். அவருடைய தம்பி. கூடப்பிறந்தது அந்த ஒன்றுதான். மண்டூரில் பெண் எடுத்து, அங்கேயே வயல் செய்துகொண்டிருந்தார். மண்டூர் என்ன கனடாவா? குருமண்வெளித் துறைக்குப் போய்ப் பாதையில் ஏறினால் வாயில் போட்ட வெற்றிலை சப்பி முடியுமுன் அக்கரை. பாதை என்று நாங்கள் சொல்வது, ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற இயந்திரத் தெப்பத்தை. அந்தத் துண்டுத் தண்ணீரை இரண்டு பேரும் இருபது வருடத்துக்கு மேலாகக் கடக்கவில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். ஒரு சிறுபோகத்தில் தண்ணீர் தட்டுப்பாடாகி, வயலுக்கு வயல் முறை வைத்துத் திறந்துவிட்டார்கள். தம்பியின் வயல் வட்டையின், அதாவது அந்த வயல்வெளியின், கடைசியில், வாய்க்கால் போய் முடிகிற இடத்தில். அந்த வாய்க்காலுக்கு அப்போது ஐயாதான் ஓவசியர். நெல் கதிர் தள்ளுகிற நேரம். இன்னும் ஒரு இரவுத் தண்ணீர் கிடைத்தால் பயிர் பிழைக்கும் என்று தம்பி வந்து நின்றார். முறை முடிந்துவிட்டது என்று அண்ணன் மதகைப் பூட்டித் திறப்பை வீட்டுக்குக் கொண்டுபோனார். தம்பி பூட்டை உடைத்தார். அண்ணன் சொந்தத் தம்பியின் பெயரை எழுதி முறைப்பாடு கொடுத்தார். வட்டைக்காரர் எல்லாருக்கும் முன்னால் தம்பி தெண்டம் கட்டினார். பயிரும் போனது. "நீ செத்தாத்தான் உன்ட வீட்டுப் படலைக்குள்ள கால் வைப்பன்" என்று சொல்லிவிட்டுப் பாதை ஏறியவர்தான்.

சட்டப்படி ஐயா செய்தது சரி என்று எல்லாரும் சொன்னார்கள். சரியாக இருந்ததுதான் வினை. பிழை என்றால் மன்னிப்புக் கேட்டு ஒரு வழியாக முடித்திருக்கலாம். யாராவது கேட்டால், "நானா பூட்டின? சட்டம் பூட்டிச்சு" என்பார். ஆனால் வருடாவருடம் மண்டூர் முருகன் திருவிழாவுக்கென்று வேட்டி கட்டிப் புறப்படுவார். துறைவரைக்கும் போவார். பாதையில் சனம் கூட என்று சொல்லித் திரும்பி வருவார். திருவிழாவில் சனம் கூடாமல் பின்னே எங்கே கூடும்? பாவம், மனதுக்குள் அந்தத் தம்பியைத் தூக்கிக்கொண்டு திரிந்த மனிதர் அது.

முகநூலுக்கு வந்த கதையைச் சொல்கிறேன். மகள் ஆசிரியை. அவள் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முகநூலில் கெட்டுப்போகிறார்களாம். எப்படிக் கெடுகிறது என்று ஒருதரம் பார்க்க வேண்டுமாம். கணக்குத் திறக்கத் தேவையில்லை, எப்படித் திறப்பது என்று காட்டினால் போதுமாம். காட்டினேன். கடைக் கதிரையில் இருந்தபடியே திறந்துவிட்டார். அதற்குப் பிறகு, கெடுவதற்கென்று அவ்வளவு ஒழுங்காக உழைத்த ஒரு மனிதரை நான் கண்டதில்லை. யாரோ ஒருவரின் பிறந்தநாள் வாழ்த்தில் எழுத்துப் பிழை திருத்தினார். கல்யாணப் படத்தின் கீழே, மாப்பிள்ளை சாய்ந்து நிற்கிறார் என்று எழுதினார். "குப்பை புள்ள, முழுக்கக் குப்பை" என்று சொல்லிவிட்டு, டேட்டா முடிந்துவிட்டதென்று ரீலோட் போட்டுக்கொண்டு போவார்.

அவர் கணக்கில் முகம் இல்லாமல் இருந்தது. படம் போடச் சொன்னேன். பொறு, ஆராய்ந்து போட வேண்டும் என்றார். ஆராய்ந்துதான் போட்டார். அங்கேதான் பிடித்தது சனியன்.

எங்கள் பக்கத்து முகநூலை நீங்கள் பார்த்திருந்தால் விளங்கும். உயிரோடு இருக்கிறவர்களின் படமெல்லாம் பாதித் தலையும், வாயில் கொத்துரொட்டியும், பின்னால் யாரோ ஒருவரின் முதுகுமாக இருக்கும். ஒரு மனிதர் நேராக நிமிர்ந்து, கோட்டுப் போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கும் வெள்ளைப் பூவுமாக இருந்தால் அவர் காலமாகிவிட்டார் என்று அர்த்தம். ஐயா இதையெல்லாம் ஆராய்ந்து வேறொரு முடிவுக்கு வந்திருக்கிறார். மரியாதைக்குரிய ஆட்களின் படத்தை இந்த மாதிரித்தான் போட வேண்டும் என்பது இந்த இடத்து ஒழுங்கு. அப்படியே போனில் ஒரு குத்துவிளக்குச் சட்டகத்தைத் தேடி எடுத்து, பென்ஷனுக்குப் பிடித்த கோட்டுப் படத்தை அதற்குள் வைத்துப் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை மரண உதவிச் சங்கத்துத் தலைவர் கடைக்குள் வந்து, ஓவசியர் போய்விட்டார், நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்றார். முந்தின நாள்தான் ஒரு வயர் சரியில்லையென்று என்னோடு சண்டை பிடித்துவிட்டுப் போன மனிதர். கடையைச் சாத்திவிட்டு ஓடினேன். அழுதுகொண்டுதான் ஓடினேன், சொல்ல என்ன வெட்கம்.

வீட்டுக்கு முன்னால் சங்கத்துக் கதிரைகள் இறங்கிக்கொண்டிருந்தன. சனம் கூடிவிட்டது. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓட்டோவில் கதறிக்கொண்டு வந்து இறங்கினாள். எல்லாரும் அழுகையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐயா கூரையில் நின்று சோலார் தகட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

என்ன கூட்டம் என்று மேலே நின்றபடியே கேட்டார். நான் போனை எடுத்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே சின்ன எழுத்தில் தோற்றம் என்று அவர் பிறந்த திகதி இருந்தது. அதற்குப் பக்கத்தில், மறைவு: பின்னர் அறிவிக்கப்படும்.

"கட்டம் கேட்டுது, நிரப்பின" என்றார் ஏணியில் பாதி இறங்கி. "வெறுமையா விட்டா விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவாங்க புள்ள."

சனம் சிரிக்கத் தொடங்கியது. மகள் அழுத வேகத்தில் ஏசத் தொடங்கினாள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்ப முடியாதென்று பக்கத்து வீட்டுப் பெண்கள் அடுப்பை மூட்டினார்கள். இப்படிச் செத்த வீடு கல்யாண வீடாக மாறிக்கொண்டிருந்த நேரத்தில்தான், வெள்ளை வேட்டியோடு ஒருவர், "அண்ணன், என்ட அண்ணன்" என்று தலையில் அடித்துக்கொண்டு படலைக்குள் வந்தார். துறையிலேயே அழத் தொடங்கியவராம். பாதைக்காரன் பிடித்து இறக்கிவிட்டானாம்.

ஐயா ஏணியின் கடைசிப் படியில் நின்றார். தம்பி அவரைப் பார்த்தார். கதிரைகளைப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்த சனத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, தன் கால்கள் படலைக்கு உள்ளே நிற்பதைப் பார்த்தார். அப்படியே பின்பக்கமாக நடந்து வீதிக்குப் போய் நின்றார்.

"தேத்தண்ணி போட்டிருக்காங்க. குடிக்க ஆளில்லாட்டி வீணாப்போகும்" என்றார் ஐயா. தம்பியைப் பார்த்துச் சொல்லவில்லை, மாமரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"உசிரோட இருக்கிறவன்ட வீட்டுத் தேத்தண்ணி எனக்கு வேணாம்" என்று தம்பியும் அதே மாமரத்துக்குப் பதில் சொல்லிவிட்டு வந்த வழியே கிறுகி நடந்தார்.

போய் நின்று கையைப் பிடித்திருக்கலாம். ஒரு சொல், இரு என்று ஒரேயொரு சொல், சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த இடத்தில் ஐயாவை நல்லாய் நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருந்தது. அவர் கழுவின தகட்டையே மறுபடி கழுவக் கூரைக்கு ஏறிவிட்டார்.

உண்மையாகவே அவர் காலமான செய்தி சில வருடங்களுக்குப் பிறகு வந்தது. நான் அப்போது கடையை விட்டு மட்டக்களப்பு நகரத்துக்கு வந்துவிட்டேன். செய்தி கேட்டவுடன் மகளுக்கு அழைத்து, கூரையைப் பார்த்தாயா என்றுதான் முதலில் கேட்டேன். அவளும் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். அன்றைக்கு எல்லாரும் அதையே கேட்டார்களாம்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். படத்தை அழிக்கச் சொல்லி மகள் மன்றாடினாள். சனம் எழுதினதை அழிப்பது மரியாதையில்லை என்றார் ஐயா. கனடா, லண்டன், சுவிஸ் என்று எங்கெங்கோ இருந்து அனுதாபம் குவிந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே, தங்கள் அனுதாபம் கிடைக்கப்பெற்றேன், நன்றி என்று தானே பதில் எழுதினார். அன்று பின்னேரம் புதிதாக ஒன்று வந்தது. தம்பி எழுதியது. கட்டாரில் இருக்கிற மகன் எப்போதோ திறந்து கொடுத்த கணக்காம். "அண்டைக்குத் தண்ணியும் தரல்ல. இண்டைக்குச் சாவும் தரல்ல. ஓவசியருக்கு வெக்கமில்லையா" என்று இருந்தது.

ஐயா போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடி வந்தார். இதை ஒரு பிரதி எடுத்துத் தா, சட்டத்துக்குத் தேவைப்படும் என்றார். முகத்தைப் பார்த்தால் சட்டத்துக்குப் போகிறவர் முகமாக இல்லை, லொத்தர்ச் சீட்டு விழுந்தவர் முகமாக இருந்தது. இருபது வருடத்துக்குப் பிறகு தம்பி அவரோடு பேசியிருக்கிறார் அல்லவா.

அன்றைக்குத் தொடங்கியது. ஐயா ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டு விளக்கம் எழுதினார். தம்பி அதற்குக் கீழே, மதகுக்குக் காவல் கிடந்த பூதம் என்று எழுதினார். ஐயா நீர் முறை விதிகளை எடுத்துப் போட்டார். அந்த விதிகளை அவித்துக் குடி என்றார் தம்பி. வட்டையில் ஒருநாளில் முடிந்திருக்க வேண்டிய சண்டையை உலகமெல்லாம் பார்க்க மாதக்கணக்கில் பிடித்தார்கள். தம்பி சோர்ந்துபோனால் ஐயா சும்மா இருக்கமாட்டார். மோட்டார் சைக்கிளில் போய், பூட்டுத் தொங்குகிற ஏதாவதொரு மதகைப் படம் பிடித்து, அழகான காட்சி என்று எழுதிப் போடுவார். பத்து நிமிடத்தில் அக்கரையிலிருந்து ஏச்சு வரும். ஐயாவுக்கு அன்றைக்கு இரவுச் சாப்பாடு இறங்கும். கண்ணுக்குக் கஷ்டம் என்று டொக்டர் சொன்னதாகப் பெரிய திரையோடு ஒன்று வாங்கினார். டொக்டர் பாவம், அவருக்கு இது எதுவுமே தெரியாது.

"முகநூல் குப்பைதான் புள்ள. ஆனா ஆளைக் காணாமலே ஆளோட இருக்கலாம். ஒரு வசதி இருக்கத்தான் செய்யுது" என்றார் ஒருநாள். அவர் வாயில் ஒரு பொருளுக்கு வந்த ஆகப் பெரிய புகழ் அது.

இன்னொன்றும் நடந்தது. தன் போனுக்கு ரீலோட் போடும்போது இன்னொரு இலக்கத்தையும் சொல்லி, அதற்கும் போடச் சொல்வார். யாருடைய இலக்கம் என்று கேட்டால், அது ஒரு சோதனை இலக்கம் என்பார். அந்த இலக்கம் தம்பியின் முகநூல் பக்கத்திலேயே எழுதிக் கிடந்தது, நெல் வாங்க வருகிறவர்களுக்காக. கட்டாரில் இருக்கிற தன் மகன் சொல்லாமலே டேட்டா போட்டுவிடுகிறான், ஓவசியரை ஏசத் தனக்கு ஒரு குறையுமில்லை என்று தம்பி பெருமையாக எழுதியிருந்ததையும் நான் வாசித்தேன். சிரிப்பதா, அழுவதா? வாயை மூடிக்கொண்டு ரீலோட் போட்டேன்.

பிறகு ஒரு மாரியில் ஏச்சு நின்றுபோனது. ஐயா மதகுப் படம் போட்டார். ஒன்றும் வரவில்லை. இன்னொரு மதகு போட்டார். விதிகளைப் போட்டார். தம்பி பயிர் செய்த விதமே பிழை என்று, எழுதக்கூடாததையும் எழுதினார். ஒரு சத்தமில்லை. கடைக்கு வந்து, உன் மெஷின் பழுது, சோதனை இலக்கத்துக்கு ரீலோட் போகவில்லை என்றார். போயிருக்கிறது என்று காட்டினேன். கதிரையில் கூனிப்போய் இருந்தார். கழுத்துப் பொத்தான் பூட்டாமல் இருந்தது.

"மண்டூர்ப் பக்கம் டவர் விழுந்திருக்கும். போய்ப் பாக்கவேணும்" என்றார் கடைசியில். "போன் தெரிஞ்ச ஆள் ஒண்டு வந்தா நல்லம்."

போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பாதையில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கரையையே பார்த்தபடி நின்றார். நான் குடையை நீட்டினேன். அவருக்கு அது தெரியவேயில்லை.

தம்பியின் மனைவி எங்களை வாசலில் கண்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மழை தொடங்கிய கிழமையில் தம்பி வயலில் விழுந்துவிட்டாராம். வலப்பக்கம் முழுக்க விளங்கவில்லை. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அண்ணனுக்குச் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை.

தம்பி கட்டிலில் கிடந்தார். அண்ணனைக் கண்டதும் கண் பெரிதாகியது. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்கு மட்டும் உடம்பில் தெம்பு இருந்தது. ஐயா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். டவர் பார்க்க வந்த கதையைச் சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டார். என்ன பேசுவது? இரண்டு பேருக்கும் தெரிந்த பேச்சு ஒன்றுதான்.

ஐயா பைக்குள்ளிருந்து போனை எடுத்தார். பூட்டுத் தொங்குகிற மதகுப் படம் ஒன்றைத் தேடி, கீழே மெதுவாக எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். "அண்டைக்கு நான் பூட்டினது சரி." போட்டுவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டார்.

தலையணைப் பக்கம் கிடந்த தம்பியின் போன் கிணுகிணுத்தது. தம்பி அசையவில்லை. பிறகு இடது கை மெல்ல ஊர்ந்து வந்து போனை எடுத்தது. முகத்துக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. வாய் கோணிக்கொண்டு திறந்தது, சத்தம் வரவில்லை. மனைவி பயந்துபோய்க் கிட்ட ஓடினார். இடது கைப் பெருவிரல் திரையில் எதையோ தேடியது. தவறியது. மறுபடி தேடியது.

ஐயாவின் மடியில் போன் ஒரு தரம் ஒலித்தது. எடுத்துப் பார்த்தார். மதகுப் படத்தின் கீழே ஒரு சின்னச் சிவப்பு முகம், புருவத்தை நெரித்துக்கொண்டு, கோபமாக.

"பாத்தியா புள்ள" என்று என்னிடம் நீட்டினார். கண்ணால் தண்ணீர் ஓடியது, துடைக்கவேயில்லை. "கோவம் அப்பிடியே இருக்கு. ஒண்டும் குறையல்ல."

தம்பியின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினார். ஐயா வாங்கிக் குடித்தார். வெளியில் இருட்டிக்கொண்டு வந்தது. கடைசிப் பாதை போகப்போகிறது ஐயா, எழும்புங்கள் என்றேன்.

"நீ போ புள்ள. நான் இவனோட இருக்கப்போறன்" என்றார்.

டொக்டர் சொன்னது, மகள் கேட்டது, பாதையில் சனம் கூட, இப்படி ஏதாவது ஒன்று பின்னால் வரும் என்று குடையை விரித்தபடி வாசலில் நின்றேன். அந்த மாதிரிக் காரணம் ஒன்றும் அவர் சொல்லவில்லை. கட்டிலுக்கு இன்னும் கிட்டக் கதிரையை இழுத்துப் போட்டார்.